அக்காவின் மூன்றாவது கேள்வி

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் கைராசி. இணையக் கம்பெனியின் வண்டியிலிருந்து ஏணியும் தோள்பையுமாக அவர் இறங்குவதைப் பார்த்தாலே போதும், மேல்மாடிச் சன்னலிலிருந்து யாராவது வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுப்பார்கள்: "கைராசி வந்தாச்சு, இனிமே சரியாயிடும்!"

சரியாகவும் ஆகிவிடும். பல்வலிக்காரர்களுக்கு டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி. காலையிலிருந்து கரகரத்த போன், அவர் வீட்டுக்குள் வந்து கைவைத்ததும் மணியாகப் பேசும்.

வேலை என்று பார்த்தால் அதில் மாயம் ஒன்றும் இல்லை. தோள்பையில் செங்கல் அளவுக்கு ஒரு மஞ்சள் பெட்டி வைத்திருந்தார். கம்பெனி கொடுத்தது. வீட்டுக்காரர்களின் ரூட்டரிலிருந்து கம்பியைப் பிடுங்கி அந்தப் பெட்டியில் செருகுவார். தன் ஊழியர் எண்ணைத் தட்டுவார். பச்சை விளக்கு எரியும். "இப்ப கூப்பிட்டுப் பாருங்க" என்பார். கூப்பிடுவார்கள். எதிர்முனையில் இருப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

"பாத்தீங்களா? நம்ம லைன்ல ஒரு குறையும் இல்ல. கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான்."

அதற்கப்புறம் கோளாறைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. சுவர் தடிமன். ரூட்டருக்குப் பக்கத்தில் மீன்தொட்டி. கண்ணாடி பதித்த அலமாரி. ஒருமுறை ஒரு வீட்டில் எதுவும் அகப்படாமல், தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைச் சுட்டிக்காட்டி, "இவர் இந்தப் பக்கம் படுத்திருக்கறதும் ஒரு தடைதான்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரம்மா, "அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். கட்டிலை நகர்த்தினார்கள்.

பிறகு ரூட்டரைப் பழையபடி மாட்டி, கொஞ்சம் இடம் மாற்றி வைப்பார். வாடிக்கையாளர் போனுக்கு ஒரு எண் வரும். அதை அவர் வாங்கித் தன் கருவியில் போட்டால்தான் புகார் மூடும். அந்த எண் வாங்காமல் அவர் எந்த வீட்டுப் படியையும் இறங்கியதில்லை.

ஆனால் படிகள்தான் அவரை வாங்கிக்கொண்டிருந்தன. முழங்கால் இரண்டும் பேச ஆரம்பித்துவிட்டன. பை தொங்கும் வலது தோள், இடது தோளைவிடத் தாழ்ந்துபோயிருந்தது. சட்டை தைக்கும்போது தையல்காரர் அதற்கென்று தனியாக அளவெடுத்தார். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவது வேறு. சரியாகிவிட்டது என்று எண் கொடுத்தவர்களே அடுத்த மாதம் மறுபடி புகார் கொடுத்தார்கள். புகார் பெரும்பாலும் ஒன்றேதான். படம் ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, கடையில் செருப்பு வாங்க முடிகிறது, இணையத்தில் போன் பேசினால் மட்டும் பேச்சு நொறுங்கி அறுந்துவிடுகிறது.

"இலவசமா பேசற ஆப் அப்படித்தான் இருக்கும். நம்ம கம்பெனியோட பேச்சு பேக் போட்டுக்குங்க, கண்ணாடி மாதிரி கேக்கும்." இப்படிச் சொல்லச் சொல்லி மேலிடத்தில் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அவரும் சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அவருக்குத் துளியும் இல்லை. பேக் போட்டவர்களுக்குக் கண்ணாடி மாதிரிதான் கேட்டது.

டீச்சர் வீட்டுக்கு மட்டும் எத்தனை முறை போனார் என்பது அவருக்கே மறந்துவிட்டது. டீச்சர் பள்ளிக்கூடம் போகிறவர் இல்லை. வீட்டு மூலையில் மேசை போட்டு உட்கார்ந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணைய போனில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். மேசைக்குப் பின்னால் ஒரு நீலத் துணி தொங்கும். துணிக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் காயப்போட்ட உள்பாவாடை.

"அண்ணா, நீங்க இருக்கறவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க தெருமுனை திரும்பினதும் என் பிள்ளைங்க வாத்து மாதிரி கத்துதுங்க. பேசாம இங்கேயே தங்கிடுங்களேன். மூலையில ஒரு நாற்காலி போட்டுத் தரேன்."

"எங்க வீட்ல கேட்டுச் சொல்றேன் டீச்சர்."

"சிரிக்காதீங்க. ஒரு பொண்ணு போன வாரத்தோட நின்னுட்டா. டீச்சர் பாதிப் பாடத்துல ஓடிப்போயிடறாங்கன்னு அவங்கம்மா எழுதியிருக்காங்க."

அவர் துணியை நகர்த்தச் சொன்னார். டீச்சர் நகர்த்தினார். எண்ணும் கொடுத்தார்.

இப்படி ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னதுபோலத்தான் தன் அக்காவுக்கும் அவர் தீர்ப்புச் சொன்னார்.

அக்கா பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சிறு ஓட்டை வழியாகவே ஆயுளில் பாதியைப் பேசிக் கழித்ததில், அவள் பேச்சே ஓட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. எங்கே? எத்தனை பேர்? சில்லறை இருக்கா? அடுத்த ஆள். புருஷன் போய் வெகுநாளாயிற்று. ஒரே மகன் கடல் தாண்டி ஒரு குளிர்கிடங்கில் வண்டி ஓட்டுகிறான். அவன் வாரம் ஒரு நாள் கூப்பிடுவான். அவனிடமும் மூன்று கேள்விதான். நல்லா இருக்கியா? சாப்பிட்டியா? எப்ப வர்றே?

மூன்றாவது கேள்வி கேட்கும்போதெல்லாம் போன் அறுந்துபோகும்.

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் வரும். மூன்றாவதைக் கேட்டதும் அவன் குரல் தகர டப்பாவில் கல்லை உருட்டுவதுபோல ஆகும், "அம்மா... ஒரு..." என்று என்னவோ வரும், பிறகு ஒன்றும் இருக்காது. ஒருமுறை என்றால் போகட்டும். வாராவாரம். இரண்டாம்முறை கூப்பிட்டாலும் அதே கதை. வாய்ச்செய்தி அனுப்பிக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "செவுத்தைப் பாத்துப் பேசிட்டு அதை அனுப்பறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அக்கா. எழுத்தில் அனுப்புவதும் அவளுக்கு ஆகாது. அது ஆபீஸ் வேலையாம்.

ஒருநாள் அவரை உட்காரவைத்துக் கேட்டாள்.

"டேய் தம்பி, நீ இதே வேலைதானே பாக்கற. உள்ளதைச் சொல்லு. லைன் கோளாறா, இல்ல அவனே போனை வெக்கறானா?"

அவர் மஞ்சள் பெட்டியை எடுத்துச் செருகினார். பச்சை விளக்கு. அதே இலவச ஆப்பில் வெளியூரில் இருந்த தன் நண்பனைக் கூப்பிட்டார். நண்பன் தண்ணீர் குடிக்கும் சத்தம் அக்காவுக்கே கேட்டது.

"லைன் சுத்தம் அக்கா."

"அப்ப அவன்தான் வெக்கறான்."

அவர் கம்பியைச் சுருட்டிப் பெட்டியைப் பைக்குள் வைத்தார். அக்கா பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த வாரமே அக்கா மகனும் அவருக்கு எழுதிக் கேட்டிருந்தான்: "மாமா, அம்மா வீட்டு லைன் எப்படி இருக்கு?" அவர் நேர்மையாகப் பதில் போட்டார்: "நானே செக் பண்ணேன்பா. சுத்தமா இருக்கு."

அவனும் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கூப்பிடுவதும் குறைந்தது. கூப்பிட்டால் அக்காவும் ஓடிப்போய் எடுப்பதில்லை. மணி முழுக்க அடித்து ஓயப்போகும் நேரத்தில் எடுப்பாள். "சும்மா கடமைக்குக் கூப்பிடறான். எப்ப வர்றேன்னு கேட்டா வாய அடைச்சுக்கறான். வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போகட்டுமே, யாரு கையைப் பிடிச்சு இழுத்தது?"

அவருடைய வார விடுமுறையில் அக்கா வீட்டில்தான் மதியச் சாப்பாடு. அன்றும் தோள்பையோடுதான் கிளம்பினார். மனைவி வாசலில் வைத்துப் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "அந்தத் தோளைக் கண்ணாடியில பாருங்க. குடை சாய்ஞ்ச மாதிரி நிக்கறீங்க. ஒரு நாளாவது அதுக்கு லீவு விடுங்க. ஊர் லைனெல்லாம் சரியாகுது, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகறது மட்டும் உங்க கைராசிக்குத் தெரியல." பையில்லாமல் நடப்பது அவருக்கே விநோதமாக இருந்தது. யாரோ கூட வந்துகொண்டிருந்தவர் பாதியில் நின்றுவிட்டதுபோல.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மேசைமேல் இருந்த அக்காவின் போன் அடித்தது. மகன்தான். அக்கா மெதுவாக ஈரக்கையைத் துடைத்தாள். போனைத் தொட்டுப் பச்சையை அழுத்தினாள், சத்தத்தைக் கூட்டிவைத்தாள், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்மா. நீங்க?"

"சாப்பிட்டியா?"

"ஆச்சும்மா. அம்மா, இன்னிக்கு கொஞ்சம் பேசணும்..."

"எப்ப வர்றே?"

குரல் உடைந்தது. தகர டப்பா, கல். "அம்மா... விஷய..." போன் திரை இருண்டுவிட்டது.

"பாத்தியா?" என்றாள் அக்கா. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "அச்சு பிசகாம அதே இடம். நீ வேற லைன் சுத்தம்னு சர்டிபிகேட் கொடுத்த."

சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போது அவர் சட்டைப்பையில் இருந்த போன் துடித்தது. அக்கா மகன் எழுதியிருந்தான்.

"பாத்தீங்களா மாமா? இன்னிக்கும் அம்மா வெச்சிட்டாங்க. பேசணும்னு சொன்னதும் வெச்சிட்டாங்க. எனக்கு ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு. கூட வேலை பாக்கறவங்க, என்னைவிட மூத்தவங்க, ஒரு குழந்தை இருக்கு. யாரோ மூலமா அம்மா காதுக்குப் போயிருக்கணும், அதான் வாயெடுக்கும்போதே வெக்கறாங்க. லைன் நல்லா இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. இனிமே நான் கூப்பிடல. அடுத்த வாரம் பதிவு பண்ணிக்கறோம். அம்மாவுக்கு என் மூஞ்சி வேண்டாம்னா விட்டுடறேன்."

அவர் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் படித்தார். மேசையைப் பார்த்தார். போன் நடுவில் கிடந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அவர் கண்முன்னால்தான். அவள் வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. இரண்டு பேரும் வைக்காத போனை வைத்தது யார்?

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். அவர் தன் போனை அக்கா வீட்டு ரூட்டரில் இணைத்து ஒரு படத்தை ஓடவிட்டார். ஓடியது. கம்பெனி பேச்சு பேக்கில் ஆபீஸைக் கூப்பிட்டார். கண்ணாடி. இலவச ஆப்பில் நண்பனைக் கூப்பிட்டார். "டேய், சொல்லு..." என்றவன் கொஞ்ச நேரத்தில் வாத்தாகி, பிறகு இல்லாமல் போனான். இத்தனை வருஷத்தில், மஞ்சள் பெட்டி இல்லாமல், வாடிக்கையாளர் வீட்டு ரூட்டரில் அவர் போன் பேசிப் பார்த்தது அதுதான் முதல்முறை.

உட்கார்ந்தார். அக்கா மகனுக்கு ஒற்றை விரலால் எழுதினார்: "அம்மா வெக்கல. நான் பக்கத்துல இருந்து பாத்தேன். வியாழக்கிழமை இதே நேரத்துக்கு ஒரே ஒரு தடவை கூப்பிடு. மாமாவுக்காக."

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. "கடைசியா ஒரு தடவை. உங்களுக்காகத்தான்."

மறுநாள் ஆபீஸ் கேன்டீனில் ஹெட்செட்டைப் பிடித்தார். கன்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அதுதான் பட்டப்பெயர். சாப்பிடும்போதும் ஹெட்செட்டைக் கழற்றாமல் கழுத்தில் மாட்டியிருப்பாள்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். வெளியாள் ஆப்ல பேசற போனை நம்ம கம்பெனி தடுக்குதா?"

அவள் பிஸ்கட்டை டீயில் நனைத்தாள். "தடுக்கறோமான்னு கேட்டா, இல்லண்ணே."

"அப்ப ஒழுங்கா விடறோமா?"

"அப்படிக் கேட்டா, அதுவும் இல்ல."

"விளையாடாதே. எனக்கு உடம்புல தெம்பு இல்ல."

அவள் சுற்றிப் பார்த்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வீட்டு லைன்ல போற வர்றதுக்கெல்லாம் ஒரு வரிசை வெச்சிருக்காங்க. நம்ம பேச்சு பேக் முன்னாடி. அப்புறம் படம், பாட்டு. வெளியாள் போன் கடைசி. கூட்டம் கொஞ்சம் சேர்ந்தாலும் கடைசியில நிக்கறவன் தள்ளி விழுவான். படம் தள்ளி விழுந்தா எழுந்து ஓடும், யாருக்கும் தெரியாது. பேச்சு விழுந்தா அறுந்துடும்."

"மஞ்சள் பெட்டி?"

"அது உங்க ஊழியர் எண்ல வருது. அதுக்கு வரிசையே கிடையாது. மந்திரி வண்டி மாதிரி நேரா உள்ள."

அவர் டீயைக் கையிலேயே வைத்திருந்தார். "அப்ப நான் வீடு வீடாப் போய்க் காட்டினது..."

"மந்திரி வண்டியில ஏத்திக் காட்டி, ரோட்ல குழியே இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

"யாரும் எங்ககிட்ட சொல்லலையேம்மா."

"யாரும் கேக்கலையேண்ணே. உங்களைப் பத்தி மேல எவ்வளவு பெருமையாப் பேசறாங்க தெரியுமா? கைராசி போனா புகார் மூடும்னு. அது போதும் அவங்களுக்கு."

"மத்த கம்பெனியும் இப்படித்தானா?"

"எனக்கெப்படித் தெரியும்? எல்லாரும் நெரிசல்னுதான் சொல்றாங்க. நெரிசல் நிஜமாவும் இருக்கு. எது நெரிசல், எது நாம நிறுத்தி வெச்சதுன்னு வெளியிலேருந்து பாத்தாப் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதானே வசதி." அவள் எழுந்தாள். "நான் எதுவும் சொல்லல. நீங்களும் கேக்கல. டீ ஆறிடுச்சு பாருங்க."

ஆறித்தான் போயிருந்தது. அதையே குடித்தார். மீன்தொட்டிகள் ஞாபகம் வந்தன. நகர்த்திய கட்டில், கழற்றிய கண்ணாடி. தான் சொன்னதைக் கேட்டு எத்தனை வீட்டில் என்னென்ன இடம் மாறிக் கிடக்கிறதோ. வெட்கமா கோபமா என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. கால் வலி மாதிரி அதுவும் ஒரு பக்கம் இருந்தது.

புதன்கிழமை டீச்சரிடமிருந்து மறுபடி புகார். பையைக் கீழே வைத்தார், திறக்கவில்லை. நீலத் துணிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, "உங்க ரூட்டர்லயே கூப்பிடுங்க டீச்சர்" என்றார். டீச்சர் தன் தங்கையைக் கூப்பிட்டார். தங்கை நான்கு வார்த்தை பேசி வாத்தானாள்.

"என்னண்ணா, இன்னிக்குக் கைராசி லீவா?"

"உங்க வீட்டுல ஒரு குறையும் இல்ல டீச்சர். துணியைப் பழையபடி போட்டுக்குங்க."

"அப்ப?"

"கோளாறு எங்க பக்கம். இங்கேருந்து என்னால சரிபண்ண முடியாது."

டீச்சர் அவரையே பார்த்தார். அப்பாடா என்பதுபோல ஒரு மூச்சு விட்டார். "இத்தனை நாளா எனக்குத்தான் பேசத் தெரியலையோன்னு நெனச்சேன்" என்றார். பழக்க தோஷத்தில் போனைத் தூக்கி, "எண் வந்திருக்கு, சொல்லட்டுமா?" என்றார்.

"வேண்டாம். மூட வேண்டாம்."

வண்டிக்குப் போவதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார். "என்ன கைராசி சார், டீச்சர் புகார் திறந்தே இருக்கு? எண் வாங்க மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார்."

"அப்ப?"

"மறக்கல, அவ்வளவுதான் சார்." சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் பேசினார். அவர் "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டே வண்டிக் கதவில் சாய்ந்து நின்றார்.

வியாழக்கிழமை மதியம் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, பையோடு அக்கா வீட்டுக்குப் போனார்.

"உனக்கு இன்னிக்கு வேலை இல்லையா?" என்றாள் அக்கா.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் லைன் சுத்தம்னு சொன்னேனே, அது தப்பு. சுத்தம் இந்தப் பெட்டிதான். லைன் இல்ல." பெட்டியைச் செருகிக்கொண்டே, கேன்டீனில் கேட்டதைத் தனக்குத் தெரிந்த மட்டும் சொன்னார். "அவன் ஒரு தடவைகூட வெக்கல அக்கா. நீ மூணாவது கேள்விக்கு வர்றதுக்குள்ள எங்க ஆளுங்க தள்ளிவிட்டுடறாங்க."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இத்தனை வருஷம் வேலை பாத்து இதுகூடத் தெரியலையாடா உனக்கு?"

"தெரியல."

"ஊரே கைராசி கைராசின்னு கூப்பிடுது."

"கூப்பிடுது."

"ஒரு வருஷமா என் பிள்ளையை நான் மனசுக்குள்ள என்னென்ன திட்டியிருக்கேன் தெரியுமா?" அவள் குரல் ஏறி, ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டது. "போ. உக்காரு. நிக்க முடியாம நிக்கற."

பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அக்கா இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்." அவன் குரலில் உப்புச்சப்பில்லை. வைக்கப்படப்போகும் போனில் பேசுகிறவனின் குரல்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவர் பச்சை விளக்கைப் பார்த்தார்.

"எப்ப வர்றே?"

ஒன்றும் அறுந்துபோகவில்லை. அவன் அங்கே நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பக்கத்தில் எங்கோ ஒரு குழந்தை எதையோ கீழே போட்டது.

"அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லு."

அதைக் கேட்டு அவன்தான் தடுமாறினான். தடங்கல் வரும் என்று நம்பி வந்தவனுக்கு வழி நேராகத் திறந்து கிடந்தது. "அம்மா, நான் தனியா வரல" என்று ஆரம்பித்தான். பெண்ணைப் பற்றிச் சொன்னான். வயதைச் சொன்னான். குழந்தையைச் சொன்னான். அடுத்த வாரம் பதிவு என்பதையும் சொன்னான். சொல்லிவிட்டு நிறுத்தினான்.

அக்கா பேசவில்லை.

அவருக்கு அந்த நிசப்தம் தாங்கவில்லை. குனிந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். கம்பியை அழுத்திப் பார்த்தார். விளக்கு பச்சையாகத்தான் இருந்தது. இந்த முறை கம்பெனியைச் சொல்ல வழியில்லை. அந்தப் பக்கத்தில் அவன் மூச்சு விடுவது கேட்டது. மூச்சு நின்று, மறுபடி வந்தது.

"அம்மா? கட் ஆயிடுச்சா? மாமா, லைன் போயிடுச்சா?"

அவர் வாயைத் திறக்கப் போனார். அக்கா கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நான்தான் பேசல. கொஞ்சம் இரு. வெச்சிடாதே."

"வெக்கலம்மா."

கவுன்டரில் பெரிய நோட்டுக்குச் சில்லறை தேடுகிறவள்போல அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். அவன் காத்திருந்தான். எவ்வளவு நேரம் என்று யாரும் பார்க்கவில்லை.

"எனக்குப் பிடிக்கல" என்றாள் கடைசியில். "கேட்டுக்கோ, எனக்குப் பிடிக்கல. என்னைக் கேக்காம நாள் குறிச்சதும் பிடிக்கல."

"கேக்கத்தாம்மா ஒவ்வொரு வாரமும்..."

"தெரியும். இப்பத்தான் தெரிஞ்சுது. உன் மாமா சொன்னான்." மூக்கை உறிஞ்சினாள். "என்னத்தைக் கீழ போட்டுச்சு அது?"

"எது?"

"அந்தக் குழந்தை. இப்ப ஏதோ விழுந்துச்சே."

"என் வண்டிச் சாவிம்மா. அதோட விளையாடறதுதான் அதுக்குப் பொழுதுபோக்கு."

"வாயில வெச்சுக்கப் போகுது. எடுத்து வை போ. எடுத்து வெச்சுட்டு வந்து பேசு. நான் லைன்லயேதான் இருப்பேன்."

அவர் சத்தம் போடாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோது அக்கா எதற்கோ அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான்காவது, ஐந்தாவது கேள்வியெல்லாம் தாண்டிப் போய்விட்டாள்போல. பேச்சு முடியும் வழியாகத் தெரியவில்லை. கிளம்பலாம் என்று பெட்டியின் பக்கம் குனிந்தார். அக்கா பேச்சை நிறுத்தாமலேயே அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பெட்டியை அங்கேயே விட்டார். வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாத பெட்டி அது. நாளைக்குக் கேட்பார்கள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். என்னவென்று சொல்வது என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

படியில் பாதி இறங்கும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டார். நாளைக் காலையில் முதல் வேலையாக டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டுமாம், இந்த முறை பெட்டியைப் போட்டுக் காட்டிவிட்டு எண் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டுமாம். "உங்க கைராசிக்கு என்னதான் ஆச்சு சார்?"

"அது எங்கக்கா வீட்ல இருக்கு சார்" என்றார்.

மேலே சன்னலிலிருந்து அக்காவின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். தோள்பையில் இப்போது கனமே இல்லை. ஆனாலும் தோள் பழையபடி சாய்ந்துதான் இருந்தது.